8 அடியில் தண்ணீர் இருந்தது: கட்டுக்கதை என்பவர்கள் இங்கே வந்து பேசுங்கள்

கம்மாபுரத்தான்:
நேற்று ஏரிகள் பற்றிய இழையில் வட்டம்19 என்ற நண்பர் இப்படி எழுதியிருந்தார்: "நெய்வேலிப் பக்கம் ஒரு காலத்தில் 8 அடியில் தண்ணீர் கிடைத்தது என்பது மேடைப் பேச்சாளர்கள் கட்டிவிட்ட கதை. நிலக்கரிச் சுரங்கம் வெளியேற்றும் தண்ணீர் இல்லையென்றால் பரவனாற்றுப் பாசனமே இல்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கேயே பதில் எழுதினால் ஏரி பற்றிப் பேசுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பதால் தனி இழை போடுகிறேன்.

8 அடியில் தண்ணீர் இருந்தது. அப்பா ஏற்றம் இறைத்த கிணறு எங்கள் கொல்லையில் இன்னும் இருக்கிறது. உள்சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். இன்று அதே கொல்லையில் போர் போட வேண்டுமானால் வண்டிக்காரர் 600 அடி, 700 அடி என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். இதில் எது மேடைப் பேச்சு? கம்மாபுரம், ஊ.மங்கலம், கத்தாழை, முதனை, எந்த ஊர்ப் பெரியவரை வேண்டுமானாலும் கேளுங்கள். 8 அடி என்றுதான் சொல்வார்.

வட்டம்19:
என் பெயரைப் போட்டு இழை ஆரம்பித்திருப்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை பார்த்த காலம் முழுக்க சுரங்கத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்தவன் நான். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே களிமண்ணும் மணற்கல்லும் இருக்கின்றன. படுகைக்குக் கீழே மணலில் அடைபட்ட நீர் இருக்கிறது. அது சும்மா தேங்கி நிற்கும் நீர் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல் மண்ணை எடுத்துவிட்டு அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால்தான் 1961 முதல் இரவு பகலாக பம்புகள் ஓடுகின்றன. உங்கள் அப்பா ஏற்றம் இறைத்தது மேல் தண்ணீர், மழை பெய்து ஊறியது. நாங்கள் இறைப்பது அடித் தண்ணீர். இரண்டையும் ஒன்றாக்கி 8 அடி, 700 அடி என்று ஒரே வரியில் எழுதினால் கேட்பவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 8 அடிக்கு ஒரு அளவீடு, ஒரு பதிவேடு இருந்தால் காட்டுங்கள். கிணற்றுக் கோடு ஆதாரம் ஆகாது.

கம்மாபுரத்தான்:
மேல் தண்ணீரும் இப்போது இல்லை, கீழ் தண்ணீரும் இல்லை. பிறகு எந்தத் தண்ணீரை எந்தப் பெயரில் அழைத்தால் எங்களுக்கு என்ன? நான் கேட்டது ஒரே கேள்வி. 8 அடியில் இருந்ததா இல்லையா?

பதிவேடு கேட்கிறீர்கள். நெய்வேலியில் நிலக்கரி இருப்பது எப்படித் தெரிந்தது என்று நீங்களே சொல்லுங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீர் தானாகப் பொங்கி, அதோடு கறுப்புக் கறுப்பாக வந்ததால்தானே? அதை விடாமல் அரசுக்கு எழுதி, ஆய்வு நடக்க வைத்து, கடைசியில் 600 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் கொடுத்தார் அந்த மனிதர். உங்கள் சுரங்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழே அந்தத் தண்ணீர்தான். தரைக்கு மேலே பொங்கிய தண்ணீருக்கு அடிக்கணக்கே கிடையாது. நான் 8 அடி என்று சொன்னது குறைத்துச் சொன்னது.

வட்டம்19:
அவர் போட்டது ஆர்ட்டீசியன் கிணறு. ஆழமாகத் துளை போட்டால்தான் அந்தத் தண்ணீர் பொங்கும். 8 அடிக் குழியில் நிலக்கரித் துகள் வராது. நிலக்கரி ஆரம்பிப்பதே 150 அடிக்கும் கீழே. முதலியாரைச் சாட்சிக்கு அழைத்ததும் நீங்கள்தான், அவர் சாட்சி எனக்குச் சாதகமாக இருக்கிறது. 8 அடி பொய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கம்மாபுரத்தான்:
பொய் என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள். என் அப்பாவின் கிணற்றைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்.

முந்திரிக்காடு:
இரண்டு பேருக்கும் வணக்கம். நான் பண்ருட்டிப் பக்கம். எங்கள் ஊருக்கு அருகில் சுரங்கம் இல்லை. ஆனாலும் எங்கள் போரும் கீழே கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். 1990-ல் விவசாய பம்புக்கு மின்சாரம் இலவசமானது. நெல்லிக்குப்பத்தில் ஆலை, சேத்தியாத்தோப்பில் ஆலை, நடுவில் முழுக்கக் கரும்பு. கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கம்மாபுரத்து அண்ணனுக்குத் தெரியாதா? சுரங்கம் தண்ணீரை எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நாமும் எடுத்தோம் என்கிறேன். அப்புறம், எங்கள் பக்கம் பழைய கிணறுகளில் தண்ணீர் 30 அடியில் இருந்ததாகச் சொல்வார்கள். 8 அடி என்று நான் கேட்டதில்லை.

கம்மாபுரத்தான்:
பண்ருட்டி செம்மண் மேட்டுநிலம். அங்கே 30 அடி என்றால் பள்ளத்தில் இருக்கிற எங்களுக்கு 8 அடிதான் வரும். நீங்கள் எனக்கு எதிராகச் சொல்ல வந்து என் கணக்கைச் சரியென்று சொல்லிவிட்டீர்கள்.

கரும்புக்கு நாங்கள் இறைத்தோம், உண்மைதான். இறைத்த தண்ணீர் எங்கள் வயலில்தான் விழுந்தது, பாதி திரும்பவும் மண்ணுக்குள்தான் போனது. சுரங்கம் 1 ஏ-யையும் சேர்த்து மூன்று சுரங்கங்கள். முதல் சுரங்கம் ஆண்டுக்கு 1.05 கோடி டன், 1 ஏ 30 லட்சம் டன், இரண்டாம் சுரங்கம் 1.5 கோடி டன் எடுக்கும் திறன் கொண்டவை. இவ்வளவையும் காய்ந்த தரையில் வைத்து வெட்ட வேண்டுமானால் எவ்வளவு தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டும்? என் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரையும் அதையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, இது நியாயமா தம்பி?

முந்திரிக்காடு:
மேட்டுநிலம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊர் கெடிலக் கரை. வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, நான் தம்பி இல்லை, எனக்குப் பேரன் இருக்கிறான்.

வட்டம்19:
"வெளியே கொட்ட வேண்டும்" என்றார் பாருங்கள். கொட்டவில்லை. அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, குடியிருப்புக்குப் போகிறது, மீதி ஓடை வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போகிறது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் மேட்டூர் திறக்காத ஆண்டிலும் நடவு நடக்கிறதே, அந்தத் தண்ணீர் வானத்திலிருந்தா வந்தது? வீராணம் வறண்ட காலத்தில் நெய்வேலிப் பக்கத்து ஆழ்குழாய்களில் இருந்து சென்னைக்குக் குடிநீர் ஏற்றினார்கள். சுரங்கம் நிலத்தடி நீரை ஒழித்துவிட்டது என்றால் சென்னைக்கு எதை ஏற்றினார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தில் நிலக்கரி கிடையாது, வங்காளத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வர வேண்டும் என்ற காலத்தில் காமராஜர் விடாப்பிடியாக நின்று கொண்டுவந்த திட்டம் இது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் மின்சாரம் வந்தது. முந்திரிக் காடாகக் கிடந்த இடத்தில் பக்கெட் வீல் இயந்திரம் நின்று வெட்டுவதை முதல் முறை பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். ஐந்து மாடி வீடு நகர்வது போல இருக்கும். இதைக் கட்டியவர்களை ஊரைக் கொள்ளையடித்தவர்கள் போலப் பேசினால் சும்மா இருக்க முடியாது.

கம்மாபுரத்தான்:
காமராஜரை நாங்களும் கும்பிடுகிறோம். அவர் வந்து 8 அடி இல்லை என்று சொன்னாரா?

சென்னைக்கு ஏற்றினார்கள் என்கிறீர்கள். எங்களுக்குக் கீழே இருந்த தண்ணீரை எடுத்து இன்னொரு ஊருக்குக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புது வீராணம் குழாய் 2004 முதல் வடக்குத்து வழியாகத்தான் ஓடுகிறது. குழாய் போகிற வழியில் இருக்கிற ஊர்க்காரன் குடத்தோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தண்ணீரை விடுங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? கதிர் விடுகிற பருவத்தில் நின்ற நெல்லுக்குள் சுரங்கக்காரர்கள் பொக்லைனை இறக்கிக் கால்வாய் வெட்டினார்கள். ஊரே பார்த்தது. உயர் நீதிமன்ற நீதிபதியே அந்தக் காட்சியைப் பார்த்து வருத்தப்பட்டுப் பேசினார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிருக்காகக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பச்சை நெல்லின் மேல் இரும்புச் சக்கரம் ஏறியதைப் பார்த்த பிறகும் உங்களுக்கு பக்கெட் வீல்தான் மறக்கவில்லை என்றால் நமக்குள் பேச என்ன இருக்கிறது?

வட்டம்19:
அந்த நிலம் 2006-க்கும் 2013-க்கும் இடையில் கையகப்படுத்தி இழப்பீடு கொடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் உழவு செய்ய விட்டுவைத்தார்கள். பரவனாற்றைத் திருப்பிவிடும் 12 கிலோமீட்டர் கால்வாயில் ஒன்றரை கிலோமீட்டர்தான் மீதி இருந்தது. அது முடியாமல் ஒரு பெருமழை வந்தால் இரண்டாம் சுரங்கத்துக்குள் வெள்ளம் வரும், பக்கத்து ஊருக்குள்ளும் வரும். பயிர் அழிந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நிலக்கரி இருக்கிற இடத்தில்தான் வெட்ட முடியும். 8 அடியில் தண்ணீர் இருந்தது என்ற கதைக்கும் வளையமாதேவிக்கும் என்ன சம்பந்தம்?

கம்மாபுரத்தான்:
கதை என்று மறுபடியும் சொல்கிறீர்கள். இருந்தது.

பாகூர்க்காரன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சண்டை போடுகிற அதே மணற்கல் படுகை புதுச்சேரிக்குக் கீழேயும் நீண்டு வருகிறது. எங்கள் கரையோரப் போர்களில் கடல் நீர் ஏறி உப்பாகிவிட்டது. சுரங்கம்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வர வேண்டும், அதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. தண்ணீர் மாவட்ட எல்லையோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். 8 அடியா 18 அடியா என்பதில் ஏன் இவ்வளவு நேரம் போகிறது?

கம்மாபுரத்தான்:
18 அடி என்று இங்கே யாரும் சொல்லவில்லை. புதிதாக ஒரு எண்ணை நுழைக்காதீர்கள்.

வட்டம்19:
புதுச்சேரிக்குப் போகிற மின்சாரத்தில் நெய்வேலிப் பங்கும் உண்டு என்பதை பாகூர் நண்பர் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

பாகூர்க்காரன்:
மின்சாரத்துக்குக் காசு கொடுக்கிறோம் சார். தானமாக வாங்கவில்லை. என் கரையோரப் போரைப் பற்றி எழுதினேன், அதற்குப் பதில் இல்லை, மின் கட்டணத்தை ஞாபகப்படுத்துகிறீர்கள்.

மூன்றாம் ஷிஃப்ட்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டு இருக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளி யாராவது இந்தப் பேச்சில் வருவானா என்று பார்த்தேன், வரவில்லை. 2020 மே 7-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை. செத்தவர்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யார்? நிலம் கொடுத்த ஊர்களிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிற எங்களைப் போன்ற பையன்கள்தான். ஒரே கொதிகலன் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவருக்கு வட்டத்தில், அதாவது நிறுவனக் குடியிருப்பில், வீடு, மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி. இன்னொருவர் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் நடக்கிறார். தண்ணீர் எத்தனை அடி என்று அளக்கிற இரண்டு பேரும் இதற்கு ஒரு வரி எழுதுங்கள்.

வட்டம்19:
தம்பியின் வலி புரிகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினைக்குச் சங்கங்கள் இருக்கின்றன, போராடி ஒரு பகுதியினர் நிரந்தரமும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் வட்டத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஏதோ சொகுசில் இருந்தது போல எழுதுவது சரியில்லை. எங்கள் தலைமுறை கரி தூசியைத் தின்றுதான் வேலை பார்த்தது. அந்தக் காலத்தில் லெக்கோ (பழுப்பு நிலக்கரிக் கட்டி) அடுப்பு வைத்துச் சமைத்த வீடுகள் எங்கள் வீடுகள்.

மூன்றாம் ஷிஃப்ட்:
லெக்கோ எங்கள் ஊரிலும்தான் எரிந்தது. நான் கேட்டது அடுப்பைப் பற்றி இல்லை.

முந்திரிக்காடு:
2013-ல் மத்திய அரசு நிறுவனத்தின் பங்கை விற்கிறேன் என்றபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே 3.56 விழுக்காடு பங்கை வாங்கின. அப்போது நிலம் கொடுத்தவர்களும் தொழிலாளர்களும் ஒன்றாக நின்று எங்களுக்கும் ஒரு பங்கு கொடு என்று கேட்டிருந்தால் இன்று இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஒன்றாக நிற்க மாட்டோம். 8 அடிக்குத்தான் நிற்போம்.

கம்மாபுரத்தான்:
8 அடியைச் சின்ன விஷயம் போலச் சொல்லாதீர்கள். அந்த எண் எனக்கு ஏன் பெரிது என்று சொல்கிறேன், ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். நிலத்தை எடுத்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, நிற்கிற பயிருக்கு இவ்வளவு. நிலத்தை எடுக்காமல் அதன் அடியில் இருந்த தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டால் அதற்கு என்ன தொகை? எந்தத் தாளிலும் அந்தக் கட்டமே கிடையாது. என் நிலம் என் பெயரில்தான் இருக்கிறது. பட்டா இருக்கிறது, வரப்பு இருக்கிறது. தண்ணீர் கீழே போனதற்கு நான் கடன் வாங்கி போர் இறக்க வேண்டும், அது என் பாடு. 8 அடியில் இருந்தது என்று ஒத்துக்கொண்டால் காணாமல் போனதற்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் அதைக் கதை என்கிறார்கள். வட்டம்19 நல்ல மனிதராகவே இருக்கலாம், அவரும் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கணக்கைத்தான் மறைக்கிறார்.

அப்புறம், 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி மூன்றையும் நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு எடுத்தது. டெல்டா என்பதால் எடுத்தார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், குமராட்சி, புவனகிரி எல்லாம் இருக்கின்றன. கம்மாபுரம் இல்லை. எங்கள் நெல் நெல் இல்லையா?

வட்டம்19:
நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்கிறேன் என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். சட்டத்தில் கம்மாபுரத்தை ஏன் சேர்க்கவில்லை என்று சட்டமன்றத்தில் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்பது முதலிலிருந்தே ஒன்றுதான். அளவீடு எங்கே? ஒரு கிணறு, ஒரு தேதி, ஒரு அடிக்கணக்கு. ஐப்பசியில் அளந்தால் கடலூர் மாவட்டத்தில் எந்தப் பள்ளத்துக் கிணற்றிலும் இன்றைக்கும் 8 அடியில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் அளந்தீர்களா?

கம்மாபுரத்தான்:
சித்திரையிலும் நின்றது.

வட்டம்19:
யார் அளந்தது?

கம்மாபுரத்தான்:
இறைத்தவர் அளந்தார். ஏற்றத்தின் கழியைவிட நல்ல அளவுகோல் எது?

பாகூர்க்காரன்:
மூன்றாம் ஷிஃப்ட் நண்பருக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

வட்டம்19:
சொல்லிவிட்டேன், மேலே பாருங்கள். வாலாஜா ஏரி விஷயத்தையும் எல்லோரும் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். அந்த ஏரியை நிறுவனமே செலவு செய்து தூர் வாரிக் கொடுத்தது. அதனால் பயன்பெறும் விவசாயிகள் ஒருவர்கூட இந்த இழைக்கு வந்து நன்றி சொல்லவில்லை.

கம்மாபுரத்தான்:
எதனால் தூர்ந்தது அந்த ஏரி? சுரங்கத் தண்ணீரோடு வந்த சேறும் கரி மண்ணும் படிந்துதானே? வீட்டு வாசலில் மண்ணைக் கொட்டியவன் திரும்ப வந்து அள்ளினால் நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

வட்டம்19:
மழை வெள்ளத்தோடு வருகிற வண்டலும் உண்டு. எல்லா மண்ணும் சுரங்க மண் இல்லை. எந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று படம் போட்டு நாளை எழுதுகிறேன்.

மூன்றாம் ஷிஃப்ட்:
படம் போடும்போது மந்தாரக்குப்பத்தையும் அதில் காட்டுங்கள்.

முந்திரிக்காடு:
படம் வரட்டும். அதற்கு முன்னால் பண்ருட்டி மேட்டுநிலம் என்று எழுதியதை கம்மாபுரத்து ஆள் மாற்ற வேண்டும். கெடிலக் கரையில் மூன்று தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் எங்களுடையது.

கம்மாபுரத்தான்:
பெயர் முந்திரிக்காடு என்று வைத்துக்கொண்டு நெல் போட்டேன் என்றால் நான் என்ன சொல்வது? முந்திரி மேட்டில்தான் விளையும்.

முந்திரிக்காடு:
பெயரை வைத்து ஆளை அளக்கிறவர்தான் 8 அடியையும் அளந்திருப்பார்.